குடும்பங்களுக்கு மட்டும்

சவூதியில், அல் கோபாரில் எங்கள் தெரு முனையில் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை ஒன்று திறக்கப்பட்டபோது, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் தகுதி எங்கள் ஊர்க்காரர்களில் எனக்கு மட்டுமே இருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. பெருமைக்காகச் சொல்லவில்லை, நிலவரம் அப்படி.

கடை வாசலில் ‘குடும்பங்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஊரில் ஹோட்டல் என்றால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு பக்கம், தனியாக வரும் ஆண்களுக்கு ஒரு பக்கம். இந்தக் கடையில் ஆண்கள் பக்கம் இன்னும் கட்டி முடியவில்லை. அதனால் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து ரூமில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் டூட்டி முடிந்து வருகிற வழியில் வாசனை பிடிப்பதோடு சரி. குடும்பத்தோடு இருந்த என் வாப்பாவோ, சோறு இல்லாத எதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதவர்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது சாச்சா, வாப்பாவின் தம்பி. எலக்ட்ரீஷியன் விசாவில் வந்தவர். அந்த விசாவுக்குக் குடும்பத்தைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. சாச்சியும் அவர்களுடைய ஒரே மகளும் ஊரில் இருந்தார்கள். சாச்சா கீழ்த்தளத்து ரூமில் இருந்தார். கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றிருந்தாலும் அந்த ஊர்க் கணக்கில் அவர் பேச்சிலர்தான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மாடிக்கு வந்து உம்மாவிடம் என்னை இரவல் கேட்டார். கையில் ஒரு பெண்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் அதுவும் குடும்பம்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகிற வழியில் எனக்கு ஒரே ஒரு பாடம் நடந்தது. உள்ளே போனதும் சாச்சா என்று கூப்பிடக் கூடாது.

“யாராச்சும் கேட்டா என்னம்மா சொல்லுவ?”

“எங்க வாப்பான்னு சொல்லுவேன்.”

“கெட்டிக்காரி.”

மரத்தடுப்புக்குள் எங்களை உட்கார வைத்தார்கள். பரிமாறியவர் ஒரு மலையாளி, வந்த உடனே என் கன்னத்தைத் தட்டி, “வாப்பாக்கு என்ன வேணும் மோளே?” என்று என்னிடமே கேட்டார். அந்த மரியாதையில் நான் கொஞ்சம் வளர்ந்துவிட்டேன். பீட்சாவில் சீஸ் நூல்நூலாக இழுபட்டது. கற்பூரவல்லி இலையைக் கசக்கியது போல ஒரு வாசனை. நாவற்பழம் என்று நினைத்து வாயில் போட்டது உப்பாகக் கரித்தது. அடுத்து வந்த நீட்டு இடியாப்பத்தைப் பார்த்து, தேங்காய்ப்பால் ஊற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

சாச்சா தான் சாப்பிடுவதைவிட என்னைப் பார்ப்பதில்தான் குறியாக இருந்தார். எதை முதலில் எடுக்கிறேன், எதை ஒதுக்குகிறேன், எதற்கு முகம் சுளிக்கிறேன் என்று ஒன்றையும் விடவில்லை. “உன்னைய விட ரெண்டு வயசு சின்னப் புள்ளயா இருந்தா எது பிடிக்கும்?” என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கறுப்புக் காய் ஆகாது, ஆரஞ்சு ஜூஸ் கட்டாயம் வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். டாக்டர் மருந்து சொல்வதைக் கேட்பது போல அவர் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகும் பல வியாழக்கிழமைகள் போனோம்.

திரும்பி வந்தால் கீழ்த்தளத்து ரூமில் எனக்கு ராஜ வரவேற்பு. கட்டிலில் இடம் ஒதுக்கி உட்கார வைத்து, காரம் இருக்கிறதா, வயிறு நிறையுமா என்று விசாரிப்பார்கள். ஊர்ப் புரோட்டாவுக்குப் பக்கத்தில் வர முடியாது, ஆனால் குறை சொல்ல முடியாது என்பேன். என் தீர்ப்பை அவர்கள் மற்ற ரூம்களுக்கும் கொண்டு போனார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த வருடம் சாச்சாவுக்கு வேலையும் விசாவும் கொடுத்த கஃபீல் எப்படியோ மனம் இளகி, சாச்சிக்கும் மகளுக்கும் விசிட் விசா கிடைத்தது. மூன்று மாதம். வாப்பா எங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். சாச்சா பொம்மை, சைக்கிள், மினுமினுக்கிற செருப்பு எல்லாம் வாங்கிக் குவித்தார். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சாச்சியின் முந்தானைக்குள் போய் ஒளிந்தது. அதைப் பொறுத்தவரை வாப்பா என்பது ஊருக்குப் பதிந்து அனுப்பும் கேசட்டில் பேசுகிற ஒரு குரல். லீவில் அவர் ஊருக்குப் போனபோதெல்லாம், பிள்ளை பழகத் தொடங்குவதற்குள் லீவு முடிந்திருக்கிறது. எதிரில் நிற்கிற மனிதரை அது ‘அவங்க’ என்றுதான் சொன்னது. “உம்மா, அவங்க கூப்பிடுறாங்க.”

சாச்சா ஒருநாள் அடுக்களை வாசலில் நின்று உம்மாவிடம் சொன்னார். “ஒரே ஒரு தடவ வாப்பான்னு கூப்புட்டா போதும் லாத்தா. அதுக்கப்புறம் அனுப்பி வச்சுருவேன்.” உம்மா, அவசரப்படாதீங்க தம்பி, பழகட்டும் என்றார். எனக்கு இதில் என்ன கஷ்டம் என்று விளங்கவில்லை. நான் வாராவாரம் கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

விசா முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது சாச்சியையும் மகளையும் சாச்சா இத்தாலிக் கடைக்குக் கூட்டிப் போனார். அனுபவசாலி என்பதால் நானும் போனேன். அந்த மலையாளி முதல் ஜூஸை என் முன்னால் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைக் காட்டி, “இது ஆரு மோளே, விருந்துக்காரியா?” என்று கேட்டார்.

சாச்சாவின் முகம் செத்துவிட்டது. என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பாடத்தை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நிலைமையைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வாப்பா, நம்ம எப்பவும் வாங்குறதையே வாங்குங்க” என்றேன்.

சாச்சியின் முந்தானை விலகியது. உள்ளேயிருந்து வந்த வேகத்தில் அந்தப் பிள்ளை என்னைத் தள்ளியது. ஜூஸ் முழுவதும் என் கவுனில்.

“இது எங்க வாப்பா. உன் வாப்பா வீட்டுல இருக்காங்க.”

சொல்லிவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் இஷா பாங்கு சொல்லி, கடை ஷட்டரை இறக்கிவிட்டார்கள். தொழுகை முடியும்வரை உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். நனைந்த கவுனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாயிற்று. என்னைத் தள்ளியதற்காகச் சாச்சா அதைக் கண்டிக்கவில்லை. “யாரு வாப்பா? இன்னொரு தரம் சொல்லு” என்று கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தார். சாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்காக நியாயம் கேட்க ஒருவரும் இல்லை.

திரும்பியதும் நேராகக் கீழ்த்தளத்து ரூமுக்குப் போய் என் தீர்ப்பைச் சொன்னேன். கடை கெட்டுப்போய்விட்டது, சீஸ் பழசு, பரிமாறுகிறவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, யாரும் போக வேண்டாம். அவர்கள் ஆச்சரியப்பட்டு, எனக்குப் பின்னால் வந்த சாச்சாவிடம் கேட்டார்கள். தோளில் தூங்கிவிட்ட மகளை எழுப்பாமல் மெதுவாகச் சொன்னார், “இந்த நாட்டுக்கு வந்து இப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்ல.”

பச்சைப் பொய். எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். மடியில் இருந்ததற்குப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாரே தவிர, அவர் தட்டில் வைத்த துண்டு வைத்தபடியே ஆறிப்போய்க் கிடந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடாதவர் பேச்சை நம்பி, விவரம் தெரிந்த என் பேச்சை எல்லாரும் தள்ளிவிட்டார்களே என்று அன்றைக்கு எனக்குத் தாங்கவே முடியவில்லை.