ரயில் போகும்வரை

அம்மாவின் பியானோ சிட்னியில் இருக்கும் தம்பிக்குப் போகிறது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள்.

கப்பல் ஏஜெண்ட் போனில் கேட்டார். “அக்கா, பியானோ கட்டையெல்லாம் யானைத் தந்தமா, பிளாஸ்டிக்கா? தந்தம்னா பெர்மிட் இல்லாம அனுப்ப முடியாது லா.”

தந்தத்தின் ரேகை தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். பதில் சொல்ல வாயெடுத்தபோது எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் பின்னால் ரயில் வந்தது. தானாகவே வாயை மூடிக்கொண்டேன்.

அந்நாளில் ரயில் வந்தால், அம்மா பாட்டின் நடுவே இரு கைகளையும் தூக்கி, “பொறுங்கோ” என்பாள். மஞ்சளேறிய கட்டைகள் அதிரும். அப்பா தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கமாட்டார். கடைசிப் பெட்டியும் கடந்த பிறகு, விட்ட இடத்திலேயே அம்மாவின் விரல்கள் இறங்கும்.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா?”

ரயில் எப்போதோ போய்விட்டிருந்தது. அந்த விரல்கள் இறங்கட்டும் என்று நான் மட்டும் காத்துக்கொண்டிருந்தேன்.