ஹலோ அத்தையின் வலது கை

போன் மணி அடித்தால் அத்தை இடது கையால்தான் எடுப்பார். வலது கை மார்புக்கு நேரே எழும்பி, எதையோ பிடித்துச் செருகத் தயாராக நிற்கும். செருகுவதற்குக் கயிறும் இல்லை, துளைகள் நிறைந்த பலகையும் இல்லை. டெலிபோன் ஆபீஸில் இணைப்புக் கொடுக்கும் வேலையிலிருந்து ரிட்டையராகி ஒரு தலைமுறை ஆயிற்று. கைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. "ஹலோ, யார் வேணும்?" என்று அவர் கேட்கிற மிடுக்கில், தப்பாகக் கூப்பிட்டவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். தெருவுக்கே அவர் 'ஹலோ அத்தை'. முறைப்படி அத்தை என்று கூப்பிடும் உரிமை உள்ளவள் தம்பி மகள் ஒருத்திதான். அவள் வீட்டில்தான் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள்.

அடுத்த அறையில் குசுகுசுத்தாலும் அத்தையின் பாம்புச் செவி பிடித்துவிடும். "ஒட்டுக் கேட்கறது தப்பில்லையா அத்தை?" என்று தம்பி மகள் கேட்டால், "ஒட்டுக் கேட்டுத்தாண்டி நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கினோம்" என்பார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் போலீஸ் துரையின் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தது இந்தக் கைதான். இணைத்த பிறகும் அத்தை காதை எடுக்க மாட்டார். எங்கே சோதனை என்று தெரிந்ததும் அந்த இடத்துக்கு ஒரு போன் போகும். "தையல்காரர் இருக்காரா?" "ராங் நம்பர்." அவ்வளவுதான் பேச்சு. வைத்த கையோடு அங்கிருப்பவர்கள் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் துரை இரண்டு இடங்களைச் சொன்னான். ஒன்று, துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்காகக் கூடியிருந்த கிடங்கு. மற்றொன்று, தம்பி துண்டுப் பிரசுரம் அச்சடித்துக்கொண்டிருந்த அறை. மேற்பார்வைக்காரி வரிசையின் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரே ஒரு அழைப்புக்குத்தான் நேரம். கிடங்கு நிறைய ஆட்கள். கயிறு கிடங்கின் துளையில் இறங்கியது. அடுத்த கயிற்றைத் தொடும்போது மேற்பார்வைக்காரி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஷிஃப்ட் முடியும்வரை நகரவில்லை.

தம்பி அகப்பட்டார். லாக்கப்பில் கன்னத்தில் விழுந்த அறையில் இடது காது போயிற்று. சுதந்திரம் வந்த அன்று ஊரே தெருவில் ஆடியது. அத்தை பலகையின் முன்னால் உட்கார்ந்து, அழுதுகொண்டே எல்லோருக்கும் இணைப்புக் கொடுத்தார்.

சாயங்கால டீயை அக்காவும் தம்பியும் வாசலில் நாற்காலி போட்டுக் குடிப்பார்கள். அத்தை உட்காருவது எப்போதும் தம்பியின் இடது பக்கம். "அந்தப் பக்கம் அப்பாவுக்குக் கேட்காது அத்தை, இப்படி வாங்க" என்று சொல்லிச் சொல்லி மகளுக்கு அலுத்துவிட்டது. கேட்காது என்பதால்தானே அங்கே உட்காருகிறார். "ஒரு போனுக்குத்தாண்டா நேரம் இருந்துச்சு. உனக்குப் போடாம விட்டுட்டேன்டா." டீ ஆறும்வரை இதே பேச்சுதான். கேட்கிற காதில் சொல்லத் தைரியம் வரவில்லை. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டால், அப்புறம் அவருக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

போன மாதம் மகள் இடது காதுக்கு ஒரு மிஷின் வாங்கி வந்தாள். அந்தக் காதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருப்பதாக டாக்டர் சொன்னாராம். இனி அந்தப் பக்கமும் கேட்டுவிடும். ஆனால் தம்பி அதை மாட்டிக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்றே நாளைக் கடத்தினார். அத்தைக்கு நிம்மதி; நிம்மதிப்பட்டதற்காக வெட்கம்.

ஒருநாள் அடுப்படியில் மகள் பொரிந்து தள்ளினாள். "ஏன் மாட்டிக்கலைன்னு கேட்டா அப்பா என்ன சொல்றார் தெரியுமா அத்தை? 'மாட்டினா அக்கா பேச்சை நிறுத்திடுவா. அவ கிடங்குக்குத்தான் போன் போட்டான்னு பின்னால பிடிபட்ட கிடங்கு ஆளுங்க ஜெயில்லயே சொல்லிட்டாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். அவளுக்குச் சொன்னாத்தான் மனசு ஆறுது, சொல்லிட்டுப் போகட்டும்'ங்கறார். அது என்ன போன் அத்தை?"

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்து, தம்பியின் சட்டைப் பையிலிருந்து மிஷினை எடுத்தார். வலது கை எழும்பி, அதைத் தம்பியின் காதில் செருகியது.

"தையல்காரர் இருக்காரா?"

தம்பி அக்கா பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.