கப்பலைச் செய்தது யார்?

இன்று மதியம் ஊட்டி பெர்ன்ஹில்லில் எங்கள் வீட்டுக்கு என் கணவரின் ஆபீஸ் நண்பர் வந்திருந்தார். ஹாலில் இருந்த போர்க்கப்பல் மாடலைப் பார்த்ததும் இவரிடம், "ஏனுங்க, இது நீங்க செஞ்சதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. டைம் கெடைக்கறப்ப ஏதோ பண்றதுதானுங்க."

டீயோடு சமையலறை வாசலில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அது பாகங்களை ஒட்டிச் செய்யும் பழைய பிளாஸ்டிக் கிட். அதோடு வந்த, கப்பல் தளத்தைச் சுற்றிய தடித்த கைப்பிடிக் கம்பிகளைச் சீவி எறிந்துவிட்டு, மெல்லிய செம்புக் கம்பியில் புதிதாகச் செய்து ஒட்டியவள் நான். ஊட்டி ஈரத்தில் பெயிண்ட் காயாமல் மூன்று மாதம் இழுத்தது. அத்தனை நாளும் இவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இந்த வயசுல உனக்குப் பொம்ம வெளையாட்டா?"

டீயை வைத்துவிட்டு இவரைக் கேட்டேன். "அந்தக் கொடிமரத்த எதுலீங்க செஞ்சீங்க? அண்ணனுக்குச் சொல்லுங்க."

இவர் கப்பலை உற்றுப் பார்த்தார். "குச்சிதான்."

"என்னோட தையல் ஊசிங்க அது" என்றேன் நண்பரிடம். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

விருந்தாளி முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று இவருக்கு இப்போது கோபம். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். எதற்கு என்று உங்களில் யாருக்காவது புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.