வெயில் சுடாத ஆட்கள்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு புளியந்தோப்பு இருந்தது. பங்குனி பிறந்தால் களம் முழுக்கப் புளிதான். ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, மூட்டை கட்டிப் பொம்மிடிக்கு வண்டியில் அனுப்புவார்கள். ஓடு உடைக்க எங்கள் சாதிப் பெண்களும் வருவார்கள், காலனிப் பெண்களும் வருவார்கள். எங்களவர்கள் என்னோடு வேப்பமரத்தடியில். அவர்கள் தள்ளி, வெட்டவெளிக் களத்தில். அங்கே போய் உட்காரென்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. வந்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள்.

வெயிலில் இருந்தவர்களின் குவியல் எப்போதும் எங்களுடையதைவிட உயரமாக இருக்கும். என் மாமியார் அதை வாய் நிறையப் புகழ்வார்.

"அவங்க கையி பொறப்புலயே வேகம். வெயிலும் அவங்களுக்குச் சுடாது. நம்மாளுங்களுக்கு அந்த ஒடம்பு வராது."

எனக்கும் அது நிஜம் என்றே பட்டது. குவியல் கண்ணெதிரே இருந்ததே.

அந்த வருஷம் களத்தில் முழுகாமல் இருந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒருநாள் மதியம் எழுந்து மாமியாரிடம் வந்தாள்.

"அம்மா, நானு மரத்தோரமா ஒக்காந்துக்கட்டுங்களா? தலைய சுத்துதுங்க."

"உங்களுக்கு என்னாடி வெயிலு" என்று மாமியார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

சேலத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் லீவுக்கு வந்திருந்தான். அவன் விடவில்லை.

"இது சாதித் திமிருதாம்மா."

"நான் என்ன திட்டினனா? ஒசத்தியாத்தானடா சொன்னேன்?"

"நம்ம காளையக்கூட இப்படித்தாம்மா ஒசத்தியா சொல்றோம்."

மாமியார் முகம் சுண்டிப்போனது. ஆனால் சும்மா தோற்கிற ஆள் இல்லை அவர். "அப்ப அந்தக் குவியல் பொய் சொல்லுதாடா?" என்றார். கொழுந்தன் மனுசன் எல்லாம் ஒண்ணு என்று ஆரம்பித்து, குவியலுக்குப் பதில் தெரியாமல் திணறினான். கடைசியில், "நீயே போய் அங்க ஒக்காந்து பாரு" என்றான்.

"ஒக்காந்துட்டா மட்டும் அந்தக் கை எனக்கு வந்துருமா? பாக்கறியா?"

மறுநாள் காலையிலேயே தட்டுகிற கட்டையோடு களத்துக்குப் போய்விட்டார். தோற்றுக் காட்டப் போனவர் அவர். ஆனால் அங்கே புளி வெயிலில் காய்ந்து அப்பளமாகக் கிடந்தது. ஒரு தட்டு, ஓடு உதிர்ந்துவிடும். எங்கள் நிழல் புளியோ நமத்துப்போய்த் தோல்போல ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மாமியாரின் குவியல் எங்களைத் தாண்டிவிட்டது. வந்த காரியத்தையே மறந்து, "பாத்தீங்களாடி" என்று எங்களைப் பார்த்துப் பெருமையாகக் கையாட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொழுந்தன் பதில் கிடைத்த நிம்மதியில் பல்லைக் காட்டினான்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்தார். இரண்டடி வைத்ததும் கால் பின்னியது. பக்கத்தில் இருந்த அந்தப் பெண்தான் சட்டென்று எழுந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த பிறகுதான் தொட்டுவிட்டோமே என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கையை எடுக்கப் பார்த்தாள். மாமியார் விடவில்லை. கண்ணை மூடியபடி, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எப்படிடி இதுல ஒக்கார்றீங்க? சுடலயா உங்களுக்கு?"

"சுடுதுங்க. நேத்தே சொன்னனுங்களே."

கொழுந்தன் ஏதோ பேச வாயைத் திறந்தான். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் கையை விடாமலே மாமியார் வேப்பமரத்தடிக்கு நடந்துவந்தார். எங்கள் வரிசை முன்னால் நின்று என்னைப் பார்த்தார்.

"புளி வெயில்லயே கெடக்கட்டும், கூடையில அள்ளியாந்து ஒடைக்கலாம். நீ கொஞ்சம் நகந்து ஒக்காரும்மா, இவளுக்கு எடம் வேணும்."

நான் நகர்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் இடம் விட்டதில்லை.