அழுகிக் கிடந்த சம்பா

எங்கள் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் சூப்பர்வைசர் ஆனவர். வருஷத்துக்கு ஒருமுறை தைலமும் அபிப்பிராயமுமாக ஒரத்தநாட்டுப் பக்கம் வந்து இறங்குவார். நான் வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தது அவருக்குப் பெரிய தமாஷ். "புல்லுக்குப் பேர் வைக்கிற வேலைக்கு இத்தனை வருஷப் படிப்பா?" என்பார். சுற்றி இருப்பவர்கள் அவர் கொடுத்த சாக்லேட்டை மென்றுகொண்டே சிரிப்பார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்காது.

வயலைப் பார்த்துக்கொண்டது அண்ணி. முந்தின சம்பாக்கள் வெள்ளத்தில் போனதால், "இதுவும் போச்சுன்னா பிளாட் போடறவன்கிட்ட கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் விமானம் ஏறினார். அண்ணிக்கு அந்த வயலை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது, வேறு சந்தோஷமும் கிடையாது. எங்கள் துறையில் சோதனைக்கு வைத்திருந்த விதையைக் கேட்டு வாங்கி நட்டார்.

அந்த விதை வானத்திலிருந்து விழவில்லை. யாரும் சீந்தாத ஒரு பழைய நெல்லில் வெள்ளம் தாங்கும் குணத்தைக் கண்டுபிடித்து, அதை நம் சம்பா ரகத்துக்குள் கொண்டுவர, எத்தனையோ பேர் ஆய்வுக்கூடத்திலும் சேற்றிலும் வயதைத் தொலைத்திருந்தார்கள். "எல்லாம் தண்டச் செலவு" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னவர்கள், அப்படிப்பட்டவர்கள் உருவாக்கிய ரகத்தின் சோற்றைத்தான் மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஐப்பசி அடைமழையில் பயிர் மூழ்கியது. தண்ணீர் வடிந்தபோது இலையெல்லாம் அழுகிச் சேற்றோடு ஒட்டிக் கிடந்தது. அப்படிக் கண்டால் இங்கே யாரும் யோசிப்பதில்லை, உடனே மடக்கி உழுதுவிட்டு வேறு நாற்று தேடுவார்கள். இந்த ரகமோ தண்ணீருக்குள் வளராமல் சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தண்ணீர் வடிந்த பிறகுதான் நிதானமாகத் துளிர்க்கும். அதற்குள் அண்ணன் போனிலேயே ஏற்பாடு செய்த டிராக்டர் வரப்போரம் வந்து நின்றது.

"துளிர்க்குமாம்மா?" என்று அண்ணி கேட்டார்.

நான் ஒரு தூரைப் பிடுங்கி விரலால் அழுத்திப் பார்த்தேன். "அடி கெட்டியா இருக்கு அண்ணி. பொறுங்க."

அண்ணி டிராக்டரைத் திருப்பி அனுப்பினார். அழுகின பயிருக்குக் காவல் இருக்கும் படித்த முட்டாள், படிக்காத முட்டாள் என்று எங்கள் இருவருக்கும் பேர் கிடைத்தது. பத்து நாளில் வயல் பச்சை கட்டியபோது சிரித்த வாய் ஒன்றையும் காணோம்.

பொங்கலுக்கு வந்த அண்ணன் கதிர் முற்றிய வயலைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் மழை சீக்கிரம் விட்டுடுச்சுல்ல" என்றார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் பிளாட் போடுகிறவரைக் கூட்டிவந்து, "தண்ணியே நிக்காத மேட்டு நிலம், பயிரைப் பாருங்க" என்று அந்த விளைச்சலையே காட்டி விலையை ஏற்றினார். ஒரு மனிதரை அவ்வளவு கேவலமாக நான் அதற்கு முன் நினைத்ததில்லை.

அந்த வயலை வாங்கும்போது அண்ணன் வெளிநாட்டில் இருந்ததால் பத்திரம் அண்ணி பேரில் இருந்தது. கையெழுத்துப் போட அழைத்துப் போக வாசலில் கார் வந்து நின்றது. அண்ணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"காரை அனுப்பிடுங்க. இன்னைக்கு எனக்கு அறுப்பு இருக்கு."

"அப்ப நாளைக்கு?" என்றார் அண்ணன்.

"நாளைக்கு விதைநெல் காயப் போடணும்."