காலி மாடியில் தாளித்த கடுகு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மைசூரில் எங்கள் அக்ரஹாரத்துத் தெருவில் நடந்தது இது. நான் பத்திரப் பதிவு ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கப் பழகிக்கொண்டிருந்த சமயம். தெருவில் எந்த வீடு யார் பேரில் இருக்கிறது, எதன் மேல் என்ன கடன் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த ஞானத்தை யார் கேட்டாலும் இலவசமாக வழங்கத் தயாராக இருந்தேன். இலவசம் என்பதாலோ என்னவோ, யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பேச்சு எழுந்து, ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். மைசூருக்கும் ஒரு கூட்டம் வந்தது. ஊறுகாய் ஜாடி, ஹார்மோனியம், பூட்டிய இரும்புப் பெட்டி, அதன் மேல் உட்கார்ந்த மாமியார் என்று ஒவ்வொரு குதிரை வண்டியும் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. சில வாரங்களில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட 'காற்றோட்டமான அறை' என்று பெயர் வந்துவிட்டது. நானும் என் முன் அறையை விட்டேன். ஆனால் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டேன். ஆகவே மற்றவர்கள் அடித்தது கொள்ளை. நான் வாங்கியது வாடகை.

பக்கத்து வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார். அவர் எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டார். தகப்பனார் விட்டுப்போன வீட்டை ஒரு சாவுகாரிடம் அடமானம் வைத்து, அதன் மேலே ஒரு மாடி கட்டினார். வெளியிலிருந்தே ஏறிப்போகத் தனிப் படிக்கட்டு, தெருவைப் பார்த்து இரண்டு ஜன்னல், மின்சார விளக்கு. சுண்ணாம்பு காய்வதற்குள் சென்னைக் குடும்பம் ஒன்று குடி வந்தது. அவர் சொன்ன வாடகையை அவர்கள் வாய் பேசாமல் கொடுத்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கயிறு தேய்கிறது என்று அதற்கும் தனியாக ஒரு தொகை வாங்கினார். தெருவே திட்டியது. எங்களுக்கு அது தோன்றவில்லையே என்ற வருத்தமும் அந்தத் திட்டில் கொஞ்சம் கலந்திருந்தது.

பிறகு பயம் தெளிந்தது. சென்னையில் வீடுகளெல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன என்று கடிதங்கள் வந்தன. வந்த வேகத்திலேயே எல்லாரும் திரும்பிப் போனார்கள். காற்றோட்டமான அறைகளுக்கு மாடுகள் மீண்டும் குடிவந்தன. வாடகை சரிந்தது, வீட்டு விலையும் கூடவே சரிந்தது. வாத்தியாரின் மாடி காலி. வட்டி மட்டும் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தது.

மாலையில் மூலை ஹோட்டலில் காபி குடிக்கிற எங்கள் கோஷ்டிக்கு அது நல்ல காலம். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் சொன்னார்: "இத்தனை வருஷமா கூட்டலே சொல்லிக் கொடுத்தார் ஸ்வாமி. கழித்தல் பாடத்தை மறந்துட்டார்." நானும் சிரித்தேன். தப்பு யாருடையது என்று தினமும் விசாரணை நடக்கும். வாத்தியாரின் பேராசை என்பார் ஒருவர், கடன் கொடுத்த சாவுகார் என்பார் இன்னொருவர். ஒரு நாள் ஜப்பான்காரன் பெயரும் வந்தது, குண்டு போடுவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டானாம்.

வீட்டில் என் மனைவிக்கு மட்டும் இதில் சிரிப்பு வரவில்லை.

"நம்ம முன் ரூமும்தான் காலியாக் கிடக்கு. நம்மளைப் பாத்து யார் சிரிக்கறா?"

"நான் கடன் வாங்கிக் கட்டலையே."

"கட்டறதுக்கு நமக்கு இடம் இல்லை. அதான் விஷயம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் சாவுகார் சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை காலையில் நேரில் வந்து பார்ப்பார். மாடியில் குடித்தனம் இருந்தால், வாடகை வருகிறதென்று தவணை கொடுப்பார். இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போய் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருவார். வாத்தியாரின் மனைவி கிணற்றடியில் அழுததாகக் கேள்விப்பட்டோம்.

அன்று ஹோட்டலில் நான் ஒரு சின்ன விளக்கம் கொடுத்தேன். என் துறை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்போ ஏலம் போட்டா வீடு பாதி விலைக்குத்தான் போகும். அந்த விலை பதிவாயிடும். நாளைக்கு நீங்க உங்க வீட்டை விக்கப் போனாலும், பொண் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கப் போனாலும், எதிராளி கேக்கப்போற முதல் கேள்வி, பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போச்சுங்கறதுதான்."

மேஜையில் காபி ஆறியது. ரயில்வேக்காரருக்குக் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். அவர் மெதுவாகச் சொன்னார்: "பாவம் ஸ்வாமி அந்த வாத்தியார். புள்ளை குட்டிக்காரர்." எங்கள் தெருவில் அனுதாபம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான். பிறந்த வேளையை வைத்து ஜாதகமே எழுதலாம்.

திட்டம் எளிது. வெள்ளிக்கிழமை வரை அந்த மாடியில் யாரோ குடியிருக்கிறார்கள். மாடிச் சாவியை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டினார்கள். தினமும் பொழுது சாய்ந்ததும் என் மனைவி ஏறிப்போய் விளக்கைப் போட்டுவிட்டு வருவாள். படிக்கட்டின் அடியில் கோலம். மாடிக் கொடியில் ரயில்வேக்காரர் வீட்டுப் புடவைகள். யார் வந்து கேட்டாலும், மாடியில் ஆள் இருக்கிறது என்றுதான் தெருவே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. அது என் கைவேலை. சென்ற மாதம் வாத்தியார் வரி கட்ட வழியில்லாமல் என்னிடம் வந்தபோது, வீடு காலியாக இருக்கும் காலத்துக்கு வரியில் தள்ளுபடி கேட்கலாம் என்று முனிசிபாலிட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். 'மேற்படி மாடி முழுவதும் காலியாக இருப்பதை நேரில் பரிசோதித்து' என்று அழகான வாசகம். மனு கொடுத்தால் பரிசோதிக்க ஆள் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும் என்பது என் சர்வீஸ் அனுபவம். ஆகையால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சாவுகார் வருவதற்கு முன்பே வேறு ஒருவர் வந்தார். நடுவயது, வெயிலில் கறுத்த முகம், காலில் புதுச் செருப்பு.

"ஐயா, இந்த மாடி வாடகைக்கு இருக்குதுங்களா?"

"இல்லை. ஆள் இருக்கா," என்றேன்.

"பக்கத்துத் தெருவில உறவுக்காரங்க வீட்டில ஒரே ரூமில ஏழு பேர் இருக்கோமுங்க. நானும் தினம் இந்த வழியாத்தான் போறேன். சாயங்காலம் லைட்டு எரியுது. ஆனா ஜன்னல்ல ஒரு தலைகூடத் தெரியலீங்களே?"

"ரொம்ப அடக்கமான குடும்பம்," என்றேன்.

அவர் மாடியைப் பார்த்தார், கொடியில் நான்கு நாளாக அசையாத புடவைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எதிர்ச்சாரி வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டார். வண்டிக்குக் காத்திருப்பதாக நினைத்தேன்.

சாவுகாரின் வண்டி வந்தது. ஜரிகைத் தலைப்பாகை, கைத்தடி. வாத்தியார் கைகூப்பியபடி ஓடினார். மாடியில் அப்போது என் மனைவி அடுப்பு மூட்டிக் கொண்டிருந்தாள். இது திட்டத்தில் இல்லாதது. காலையில் நான் தடுத்தபோது, "சும்மா இருங்கோ. உங்க பத்திரத்துல வாசனை வராது, என் கடுகுல வரும்," என்று கரண்டியோடு ஏறிப்போனவள். சரியான சமயத்தில் கடுகு வெடித்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்ந்து தெருவுக்கே இறங்கின.

சாவுகார் மூக்கை உயர்த்தினார். "பரவாயில்லை மேஷ்ட்ரே, குடித்தனம் ஜோரா நடக்குதே!"

வாத்தியாரின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. அந்த நேரத்தில்தான் ஒரு சைக்கிள் வந்து நின்றது. முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர். கையில் என் அழகான கையெழுத்தில் அந்த மனு. என் வாழ்நாளில் நான் கண்டிராத சுறுசுறுப்பு.

அவர் மனுவைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், காற்றை இழுத்துப் பார்த்தார். "ஏன் ஸ்வாமி, மனே காலி அந்தா அர்ஜி பர்திதீரி. ஒக்கரணே வாசனே எல்லிந்தா பரத்தே?" என்று கன்னடத்தில் கேட்டார். வீடு காலி என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், தாளித்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று.

வாத்தியார் என்னைப் பார்த்தார். குடித்தனம் இருக்கிறது என்றால் மனு பொய். காலி என்றால் வீடு ஏலம். தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. எல்லா முறையும் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தேன் அல்லவா? கிரயத்துக்கு முறை தெரியும், தானத்துக்குத் தெரியும், உயிலுக்குத் தெரியும். ஒரே மாடி ஒரே நேரத்தில் நிரம்பியும் காலியாகவும் இருப்பதற்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, ரசம் கொதிச்சாச்சு. நான் இன்னும் குடி இருக்கணுமா, இறங்கி வரலாமா?"

எதிர்ச்சாரியில் நின்றவர் சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பு இல்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தெருவைக் கடந்து வந்து வாத்தியாரிடம் கேட்டார்: "ஐயா, இப்பச் சொல்லுங்க. வீடு காலிதானுங்களே?"

"காலி!" என்றார் வாத்தியார். "காலி, காலி, காலி!" மூன்றாவது காலியில் அவர் குரல் உடைந்துவிட்டது.

சாவுகார் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "என்னை ஏமாத்தவா மேஷ்ட்ரே பார்த்தீங்க?"

வந்தவர்தான் நடுவில் புகுந்தார். "கோவிச்சுக்காதீங்க முதலாளி. நான் ரங்கூன்ல மரக்கடை வச்சிருந்தவன். சொந்தமா ரெண்டு வீடு வாடகைக்கு விட்டிருந்தேன். என் வீட்டு விலை இன்னி வரைக்கும் இறங்கலை. வீடுதான் இறங்கிருச்சு, குண்டு விழுந்து." யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்காட்டினார். "குடியிருந்தவங்களை நானும் பிழிஞ்சவன்தான். பர்மாவில இருந்து காட்டு வழியா நடந்து வந்தப்போ எங்கம்மாவைத் தோள்ல தூக்கினவன் யாருன்னா, வாடகை பாக்கின்னு நான் எவன் சாமானைத் தெருவில வச்சேனோ அந்த ஆளுதான். அவன் என்கிட்டக் கணக்குக் கேட்டிருந்தா அந்தக் கெழவி பாதி வழியிலேயே போயிருக்கும். இங்க அண்ணன் கடையில கணக்கு எழுதுறேன். என்னால முடிஞ்ச வாடகை கொடுப்பேன். ஆனா அதிகம் கேட்டா நடையைக் கட்டிருவேன். நடக்கிறது எனக்குப் பழக்கம்."

பேரம் நடந்தது. சென்னைக்காரர்கள் கொடுத்ததில் பாதிக்கும் கீழே வந்து நின்றது. கடைசியில் அவர், "கெணத்துக் கயிறு?" என்று கேட்டார். தெருவில் யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"கயிறு, வாளி, ராட்டினம் எல்லாம் சேத்தி," என்றார் வாத்தியார், தரையைப் பார்த்தபடி.

அதன்பின்தான் எனக்கு வேலை வந்தது. வாடகையை மாதாமாதம் நேரே சாவுகாரிடம் செலுத்துவதென்றும், அது தவறாமல் வரும்வரை அவர் கோர்ட்டுக்குப் போவதில்லையென்றும் மூவருக்குமாக ஓர் உடன்படிக்கையை நின்ற இடத்திலேயே எழுதினேன். சாவுகார் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விலை சரிந்த வீட்டை ஏலத்தில் எடுத்து அவர் மட்டும் என்ன செய்யப்போகிறார்? முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் என் மனுவின் அடியில், 'இன்று காலை வரை காலி' என்று எழுதித் தள்ளுபடிக்குச் சிபாரிசு செய்தார். போகும்போது மாடியைப் பார்த்தபடி கொஞ்சம் தயங்கினார். என் மனைவி அவருக்கு ஒரு டம்ளர் ரசம் கொடுத்து அனுப்பினாள்.

ரங்கூன்காரர் மறுநாளே வண்டியில் சாமானோடு வந்தார். சாமான் அதிகமில்லை. தாயாரைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். அன்று பொழுது சாய்ந்ததும் என் மனைவி பழக்கதோஷத்தில் எழுந்து ஆணியில் கைவைத்தாள். சாவி இல்லை. திரும்பி ஜன்னல் வழியே பார்த்தோம். மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு கிழவியின் தலை தெரிந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், நிச்சயமாக அடக்கமான குடும்பம் இல்லை.

ஹோட்டலில் எங்கள் விசாரணை அதற்குப் பிறகும் நடந்தது. ஆனால் தீர்ப்பு சொல்ல யாருக்கும் பழைய உற்சாகம் இல்லை. வாத்தியார்மேல் நாங்கள் காட்டிய இரக்கம் முழுக்க எங்கள் வீட்டு விலையின் மேல் இருந்த இரக்கம்தான் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். அந்தக் கலப்பட இரக்கமே ஒரு குடும்பத்தைத் தெருவில் நிற்காமல் காத்தது என்பதும் தெரியும். இன்றும் யாராவது வீட்டில் பணத்தைப் போட்டு முழுகிவிட்டார் என்று கேள்விப்பட்டால் என் நாக்கில் ஒரு நல்ல கேலி வந்து உட்காரத்தான் செய்கிறது; ஆனால் அதைச் சொல்வதற்குள் எங்கிருந்தோ கடுகு வெடிக்கிற வாசனை வந்துவிடுகிறது, நானும் வாயை மூடிக்கொண்டு அவருக்கு மனு எழுத உட்கார்ந்துவிடுகிறேன்.