எம்புள்ள என்று ஜெபித்தவள்

காலையில் எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: "திக்லிபூரில் ஒரு குழந்தை ஆபத்தான நிலையில் இருக்கிறது. ஜெபியுங்கள்." எங்கள் தீவுகளின் வடகோடியில் இருக்கிற ஊர் அது. உடனே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நடுவில் ஒருவர் குட்மார்னிங் பூ வேறு அனுப்பியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சின்ன வயதில், நாங்கள் இருந்த டாலிகஞ்ச் வீட்டில், தகரக் கூரையில் மழை அடிக்க, மெழுகுவத்திப் புகை நடுவே அம்மா ஜெபமாலை சொல்வாள். பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவின் மகன் காய்ச்சலில் கிடந்தபோது, "ஆண்டவரே, எம்புள்ள அனலாக் கொதிக்கிறான்" என்று அம்மாதான் அழுதாள்.

"ஏட்டி, நம்ம புள்ளைங்க நல்லா இருக்கும்போது இப்படியா சொல்லுவ? பலிச்சிறப் போவுது!" என்று அப்பா அதட்டினார்.

"அவ புள்ளன்னு சொன்னா எனக்கு அழுகை வர மாட்டேங்குதே" என்றாள் அம்மா.

நானும் குழுவில் எழுதினேன்: "ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாற்றும்."

அடுத்த நிமிடமே போன். பாடகர் குழு அக்கா பதறினாள்: "உன் புள்ளைக்கு என்னாச்சு?"

"அவன் ஸ்கூலுக்குப் போயிருக்கான். திக்லிபூர்ப் புள்ளைக்காகத்தான் எழுதுனேன்."

"அப்பாடா, அவ்வளவுதானா!" என்று சிரித்தாள்.